முதலில் யாரைப் பார்ப்பது?

(நமது அறக்கட்டளையின் கல்வி உதவி பெற்று நர்சிங் படிக்கும் மாணவிகளுக்கும் அவர்களது பெற்றோருக்கும் நடத்தப்பட்ட கூட்டத்தில், அரசு மருத்துவமனைகளில் 32 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற செவிலியர் கண்காணிப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)





நர்ஸ் வேலையின் சிறப்பைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னை அழைத்தார்கள். சிறப்பைப் பற்றி எனக்கு முன்னால் பேசியவர்கள் நிறையவே சொல்லிவிட்டார்கள். நான் இந்த வேலையில் இருக்கும் ஒரு கஷ்டத்தைப் பற்றிப் பேசுகிறேன். அது படிக்கிற பிள்ளைகளுக்கும் தேவை, ஆஸ்பத்திரிக்கு வந்து போகிற நமக்கும் தேவை.

என் சர்வீஸில் நான் அதிகம் கேட்ட வார்த்தை எது தெரியுமா? "நாங்கதானே முதல்ல வந்தோம், எங்களை விட்டுட்டு அவங்களை ஏன் பார்க்கிறீங்க?" என்பதுதான். ரேஷன் கடையில் இந்தக் கேள்வி நியாயம். முதலில் வந்தவருக்கு முதலில் அரிசி போட வேண்டும். ஆஸ்பத்திரியில் அப்படி இல்லை. அங்கே யார் முன்னால் வந்தார் என்பதைவிட, யாருக்கு நேரம் குறைவாக இருக்கிறது என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்கை ஒரு நாளைக்கு நூறு தடவை போடுகிறவர் நர்ஸ். அதில் நான் ஒரு தடவை தவறினேன். அதைத்தான் முதலில் சொல்லப் போகிறேன்.

அந்த இரவு

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டு. எலும்பு முறிந்தவர்களையும் அங்கேதான் படுக்க வைப்பார்கள். நாற்பது கட்டில், கீழே பாய் போட்டுப் படுத்தவர்கள் தனி. இரவு டூட்டிக்கு நான் ஒருத்தி, கூட ஒரு பயிற்சி மாணவி.

இரவு இரண்டு மணி இருக்கும். ஒரே நேரத்தில் மூன்று பேர் கூப்பிடுகிறார்கள். கை உடைந்து கட்டுப் போட்ட பத்து வயதுப் பையன் ஒருவன், வலி தாங்காமல் வார்டே எழுந்திருக்கும்படி அழுகிறான். இன்னொரு கட்டிலில் டிரிப்ஸ் தீர்ந்துவிட்டது என்று நோயாளியின் அண்ணன் சத்தம் போடுகிறார். கட்சிக்காரர், குரல் பெரிசு. மூன்றாவது, குடலில் ஆபரேஷன் ஆகி நான்காம் நாள் இருந்த ஒரு பெரியவர். அவர் கூப்பிடவில்லை. அவர் மனைவிதான் என் பின்னாலேயே வந்து, "தாயி, ராத்திரியிலேர்ந்து ஒரு மாதிரியா மூச்சு வாங்குறாரு" என்றார்.

போய்ப் பார்த்தேன். பெரியவர் கண்ணைத் திறந்து, "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நீங்க அந்தப் பிள்ளையைப் போய்ப் பாருங்க" என்றார். நாடி பார்த்தேன், 118. இரத்த அழுத்தம் 104-க்கு 70. காய்ச்சல் 101.2. ஆபரேஷன் ஆனவருக்குக் காய்ச்சல் சகஜம் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் கேஸ் ஷீட்டில் எழுதினேன். மூச்சு என்ற இடத்தில் 20 என்று போட்டேன். எண்ணிப் பார்த்துப் போடவில்லை. அதற்கு மேலே இருந்த நான்கு பதிவிலும் 20 என்றுதான் இருந்தது. நானும் 20 போட்டேன்.

பிறகு டிரிப்ஸ் மாற்றினேன். பையனுக்கு ஊசி போட்டேன். மருந்து வண்டி, புது அட்மிஷன் என்று ஓடினேன். ஐந்து மணிக்கு அந்தக் கட்டிலுக்குத் திரும்பினால், பெரியவர் உடம்பெல்லாம் சில்லென்று வியர்த்திருக்கிறது. மனைவியை யாரென்று கேட்கிறார். டூட்டி டாக்டர் ஓடி வந்தார். குடலில் தையல் போட்ட இடம் கசிந்து, கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது. மறுபடி ஆபரேஷன் செய்தார்கள், தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தார்கள். மூன்றாம் நாள் இறந்துவிட்டார்.

இரண்டு மணிக்கே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா? அதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் மூன்று மணி நேரம் என் கையில் இருந்தது. அதை நான் சத்தம் போட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். யாரும் என்னைத் திட்டவில்லை. அந்த அம்மாகூட, "நீ ஒத்தையா நின்னு என்ன பண்ணுவே தாயி" என்றுதான் சொன்னார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சத்தம் வேறு, ஆபத்து வேறு

காயம்பட்டவர்களை வரிசைப்படுத்திப் பார்க்கும் முறைக்கு டிரயாஜ் என்று பெயர். பிரெஞ்சு மொழியில் தரம் பிரிப்பது என்று பொருள். நெப்போலியனின் படையில் அறுவை மருத்துவராக இருந்த டொமினிக் லாரே, போர்க்களத்தில் அதிகாரியா சிப்பாயா, நம்மவனா எதிரியா என்று பார்க்காமல், யாருக்குக் காயம் கடுமையோ அவரை முதலில் கவனித்தார். இருநூறு வருஷம் ஆகியும் அந்த அடிப்படை மாறவில்லை.

இன்று நம் ஊர் அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவிலும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். சிவப்பு என்றால் இந்த நிமிஷமே. மஞ்சள் என்றால் விரைவில், ஆனால் சற்றுப் பொறுக்கலாம். பச்சை என்றால் காத்திருந்தாலும் உயிருக்கு ஆபத்து இல்லை.

மூன்று பேர் ஒன்றாக வருகிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் அரிவாள்மனையில் விரலை வெட்டிக்கொண்டு, துணியெல்லாம் இரத்தமாக வருகிறார். துணியை அழுத்திப் பிடித்தால் இரத்தம் நிற்கிறது. இன்னொன்று 102 டிகிரி காய்ச்சலுள்ள குழந்தை; உம்மாவின் தோளில் இருந்து இறங்கி நாற்காலியைப் பிடித்து விளையாடுகிறது. மூன்றாவது ஐம்பத்தைந்து வயது அம்மா. பல வருஷமாகச் சர்க்கரை. "நெஞ்சு வலியெல்லாம் இல்லைங்க, எதுக்களிக்குது, ஒரே அசதி, வேர்த்துக் கொட்டுது" என்கிறார். தானே நடந்து வந்திருக்கிறார்.

பார்க்கிறவர்கள் இரத்தத்தைப் பார்த்து முதல் ஆளை உள்ளே தள்ளுவார்கள். நர்ஸ் அந்த அம்மாவைத்தான் முதலில் கட்டிலில் படுக்க வைக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு பல நேரம் நெஞ்சு வலி இல்லாமல் இப்படித்தான் வரும். வந்து பத்து நிமிஷத்துக்குள் இ.சி.ஜி. எடுத்துவிட வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள விதி. அந்த நேரத்தில் வெளியே விரலைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் கோபப்படுவார். கோபப்படட்டும். "துணியை இறுக்கிப் பிடிச்சுக்குங்க அண்ணே, இதோ வந்துடறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். அந்த ஒரு வார்த்தையில் பாதிச் சண்டை நின்றுவிடும்.

வார்டில் எப்படி முடிவு செய்வது?

மாணவிகளே, உங்கள் பரீட்சையில் நான்கு நோயாளிகளைக் கொடுத்து முதலில் யாரைப் பார்ப்பாய் என்று கேட்பார்கள். விடையை மனப்பாடம் செய்யாதீர்கள். மூன்று கேள்விகளைப் பழகிக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி: மூச்சுப்பாதை, மூச்சு, இரத்த ஓட்டம், நினைவு. இந்த நான்கில் யாருக்குக் கோளாறு? இந்த வரிசையில்தான் உயிர் போகிறது, அதனால் இந்த வரிசையில்தான் பார்க்கிறோம்.

இரண்டாவது: இது பழையதா, புதியதா? பத்து வருஷமாக நுரையீரல் நோயுள்ள ஒருவருக்கு ஆக்சிஜன் அளவு எப்போதும் 90 என்றால், இன்றும் 90 இருப்பது புதுச் செய்தி அல்ல. நேற்று 98 இருந்தவருக்கு இன்று 93 என்றால் அது செய்தி. எண்ணைப் பார்ப்பதைவிட, எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள்.

மூன்றாவது: இந்த நோய்க்கு இது எதிர்பார்த்ததா? ஆபரேஷன் ஆன இடத்தில் வலி எதிர்பார்த்தது. நான்காம் நாள், குறைய வேண்டிய நாடித் துடிப்பு கூடுவது எதிர்பார்த்தது இல்லை. அந்த இரவில் நான் கேட்காமல் விட்ட கேள்வி இது.

ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அமைதியாக இருப்பவர்தான் எப்போதும் ஆபத்தில் இருக்கிறார், சத்தம் போடுபவர் நடிக்கிறார் என்று நான் சொல்லவில்லை. கட்டுப் போட்ட கையில் வலி மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போகிறது, விரல் மரத்துப் போகிறது, விரலை நீட்டிவிட்டால் துடிக்கிறான் என்றால், கட்டுக்குள் தசை வீங்கி இறுகுகிறது என்று அர்த்தம். சில மணி நேரத்தில் கையே வீணாகிவிடும். அந்தப் பையனுக்கு அன்று அப்படி எதுவும் இல்லை. ஆனால் விரலைத் தொட்டுப் பார்த்துத்தான் அதைத் தெரிந்துகொள்ள முடியும். கிட்டப் போய், தொட்டு, எண்ணிப் பார்க்காமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

நான் எண்ணாத ஒரு எண்

2012-இல் பிரிட்டனில் மருத்துவர்களின் ராயல் கல்லூரி ஒரு மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தது. தேசிய முன்னெச்சரிக்கை மதிப்பெண் என்று சொல்லலாம். 2017-இல் அதைத் திருத்தினார்கள். மூச்சு, ஆக்சிஜன் அளவு, இரத்த அழுத்தம், நாடி, நினைவு, காய்ச்சல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். ஆக்சிஜன் வைத்திருந்தால் கூடுதலாக 2. இயல்பாக இருந்தால் பூஜ்யம். இயல்பிலிருந்து விலக விலக எண் கூடும். மொத்தம் 5 வந்தால் டாக்டரை அவசரமாகக் கூப்பிட வேண்டும். 7 வந்தால் தீவிர சிகிச்சை தெரிந்தவர்களே உடனே வர வேண்டும்.

இதை ஒரு பயிற்சி வகுப்பில் முதல்முறையாகப் படித்தபோது எனக்கு அந்தப் பெரியவர்தான் ஞாபகம் வந்தார். அந்த எண்கள் எனக்கு மறக்கவே இல்லை. போட்டுப் பார்த்தேன். நாடி 118-க்கு 2. இரத்த அழுத்தம் 104-க்கு 1. காய்ச்சலுக்கு 1. நான் எழுதிய மூச்சு 20, அதற்குப் பூஜ்யம். மொத்தம் 4. அதாவது, கவனமாகப் பார்த்துக்கொண்டால் போதும் என்ற அளவு.

ஆனால் அவர் மனைவி மூச்சு வாங்குகிறது என்று சொன்னார். ஒரு நிமிஷம் நின்று எண்ணியிருந்தால் 25-க்குக் குறையாமல் இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். 25 என்றால் அதற்கு மதிப்பெண் 3. மொத்தம் 7. அப்போது வார்டில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியும் இல்லை. இருந்திருந்தால் இன்னும் கூடியிருக்கலாம். எண்ணாமல் எழுதிய ஒரே ஒரு 20, அவசரம் என்பதைப் பரவாயில்லை என்று மாற்றிவிட்டது.

உடம்பு கெட்டுப்போகும்போது பல நேரம் முதலில் மாறுவது மூச்சுதான். அதை அளக்க எந்தக் கருவியும் வேண்டாம், ஒரு கடிகாரம் போதும். அதனாலேயோ என்னவோ அதைத்தான் எல்லோரும் எண்ணாமல் எழுதுகிறோம். நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டே, நோயாளிக்குத் தெரியாமல், நெஞ்சு ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிஷம் எண்ணுங்கள். தெரிந்தால் அவர் மூச்சை மாற்றிவிடுவார்.

கண்டுபிடித்தால் மட்டும் போதாது

சரி, ஆபத்து என்று கண்டுபிடித்துவிட்டோம். அதை டாக்டருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். இரவு மூன்று மணிக்குத் தூக்கத்தில் இருக்கும் டாக்டரிடம், "சார், பதினெட்டாம் பெட் பேஷண்ட் கொஞ்சம் டல்லா இருக்கார்" என்றால், "சரி, காலையில பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும். இப்படிச் சொல்லுங்கள்: "சார், பதினெட்டாம் பெட்டில் மூச்சு 28, நாடி 118, காய்ச்சல் 101. குடல் ஆபரேஷன் ஆகி நான்காம் நாள். பத்து மணிக்கு நாடி 92 இருந்தது. உள்ளே கசிவோ என்று பயமாக இருக்கிறது. நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும்." இப்போது என்ன, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், எனக்கு என்ன வேண்டும். இந்த நான்கும் அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். வரவில்லை என்றால் மறுபடி கூப்பிடுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் அவருக்கு மேலே உள்ளவரைக் கூப்பிடுங்கள். எத்தனை மணிக்கு யாரிடம் சொன்னீர்கள் என்று எழுதி வையுங்கள். "என்னம்மா, சும்மா சும்மா கூப்பிடுறே" என்று திட்டு வாங்குவீர்கள். வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்பது தடவை ஒன்றுமில்லாமல் போகட்டும், பத்தாவது தடவை ஒரு உயிர் இருக்கும்.

வேலை அதிகமாகும்போது பிரித்துக் கொடுக்கவும் தெரிய வேண்டும். படுக்கை மாற்றுவது, காய்ச்சல் பார்ப்பது, தண்ணீர் கொடுப்பது இதையெல்லாம் மாணவியிடமோ உதவியாளரிடமோ கொடுக்கலாம். நோயாளி எப்படி இருக்கிறார் என்று முடிவு செய்யும் வேலையைக் கொடுக்கக் கூடாது. அது உங்களுடையது.

மருந்து விஷயத்தில் ஒன்று. சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று முதல் வருஷமே படித்திருப்பீர்கள். நம் ஊர்களில் முதல் "சரி"யிலேயே சிக்கல். ஒரே வார்டில் மூன்று பாத்திமா பீவி இருப்பார்கள். "நீங்க பாத்திமாதானே?" என்று கேட்டால், அரைத் தூக்கத்தில் இருப்பவர் ஆமாம் என்று தலையாட்டுவார். "உங்க பேர் என்ன, வாப்பா பேர் என்ன?" என்று கேளுங்கள், அவர் வாயால் சொல்ல வேண்டும். பிறகு கேஸ் ஷீட் எண்ணோடு ஒத்துப் பாருங்கள். பொட்டாசியம் குளோரைடு மருந்தைக் கலக்காமல் நேராக நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். அது போன்ற மருந்துகளை இன்னொருவரிடம் காட்டிச் சரிபார்க்காமல் தொடாதீர்கள். மருந்து எடுக்கும்போது யாராவது கூப்பிட்டால், "முடிச்சுட்டு வர்றேன்" என்று சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படாதீர்கள்.

பெற்றோர்களுக்கும் உறவினர்களுக்கும்

இனி உங்களிடம் கொஞ்சம். ஒரு நர்ஸ் நாற்பது பேரைப் பார்க்கிறார். அது சரியான நிலைமை இல்லை. ஆள் போட வேண்டும் என்று நாங்கள் காலமெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். எவ்வளவு திறமையாக முடிவெடுத்தாலும் அது ஆள் குறைவை ஈடுகட்டாது. ஆனால் நாற்பது பேருக்கும் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் வாப்பாவின் மூச்சு எப்போதும் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும்.

அதனால் நர்ஸிடம் வரும்போது, "யாருமே கவனிக்கிறதில்லை" என்று தொடங்காதீர்கள். எப்போதிலிருந்து, முன்னால் எப்படி இருந்தார், இப்போது எப்படி இருக்கிறார், இந்த மூன்றைச் சொல்லுங்கள். "ராத்திரி பத்து மணி வரைக்கும் நல்லாப் பேசினாரு, இப்போ நாலு வார்த்தை பேசினா மூச்சு வாங்குது" என்று சொன்னால் எந்த நர்ஸும் நின்று கேட்பார். நின்று கேட்கவில்லை என்றால் மறுபடி சொல்லுங்கள். "ஒரு தடவை மூச்சை எண்ணிப் பாருங்கம்மா" என்று கேளுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

டிரிப்ஸ் வேகத்தை நீங்களாகக் கூட்டாதீர்கள். ஆபரேஷனுக்கு முன் ஒரு வாய் டீதானே என்று கொடுக்காதீர்கள். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போகும். வீட்டில் சாப்பிடும் மாத்திரை அட்டைகளை அப்படியே கொண்டு வாருங்கள். எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாது என்றால் முதலிலேயே சொல்லுங்கள். ரமலானில் சர்க்கரைக்கு ஊசி போடுபவர், நோன்பு வைத்திருப்பதை மறைத்துவிடுகிறார்; வழக்கமான அளவைப் போட்டால் சர்க்கரை தாழ்ந்து மயங்கிவிடுவார். சொன்னால்தானே எங்களுக்குத் தெரியும்?

நர்ஸ் உங்களைத் தாண்டி அடுத்த கட்டிலுக்கு ஓடினால், கொஞ்சம் பொறுங்கள். அங்கே யாருக்கோ உங்களைவிட நேரம் குறைவாக இருக்கலாம். நாளைக்கு அந்த இடத்தில் நாம் இருந்தால், நமக்காகவும் அடுத்தவர் பொறுக்க வேண்டும்.

முடித்துக்கொள்கிறேன். மாணவிகளே, நீங்கள் வேலைக்குப் போகும் முதல் இரவில், கேஸ் ஷீட்டில் மூச்சு என்ற கட்டத்தில் மேலே நான்கு தடவை 20 என்று எழுதியிருக்கும். ஐந்தாவதை நீங்கள் எண்ணிப் பார்த்து எழுதுங்கள். அதற்கு ஒரு நிமிஷம்தான் ஆகும். அந்த நிமிஷத்தை நான் ஒரு பெரியவருக்குக் கொடுக்கவில்லை. உங்கள் வார்டில் இருப்பவர்களுக்கு நீங்கள் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அல்லாஹ் உங்கள் கைகளில் ஷிஃபாவைத் தருவானாக.